மேகத்துக்கு அடிக்கும் மணி

பஸ் இப்போது வராது தம்பி. உட்கார். வந்தாலும் சாயங்காலம்தான். அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால்.

போனில் தமிழ் பேசினாய். ரொட்டி வாங்கப் போனவன் திரும்பி வந்தேன். எந்த ஊர்? ஈரோடா. சரி. எனக்குத் தூத்துக்குடி. இன்னாசி கொரைரா. இங்கே இக்னாசியோ. ஸ்பெயினில் ஒரு மலையூரில் தூத்துக்குடிக்காரனுக்கு என்ன வேலை என்று வாயைத் திறக்காதே, நானே சொல்லிவிடுகிறேன். கப்பலில் சமையல். பில்பாவோ துறைமுகத்தில் குடல்வால் வெடித்தது. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அங்கே எனக்குக் கஞ்சி ஊற்றியவள் அசுன்சியோன். இந்த ஊர்க்காரி. கட்டிக்கொண்டேன். முடிந்தது.

அந்தப் பலகையைத்தானே படித்துக்கொண்டிருந்தாய்? ஊரின் சரித்திரம், பூகோளம் எல்லாம் போட்டு சுற்றுலாத் துறைக்காரர்கள் வைத்தது. மூன்று பாஷையில் எழுதியிருக்கிறார்கள். மூன்றிலும் கடைசிப் பத்தி பொய். ‘அதிசயக் கூடு’ என்று இருக்கிறதே, அதுதான். அதைப் பார்க்கத்தானே வந்தாய்? தெரியும். எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

தமிழில் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் புரியாது. அதனால் உனக்குச் சொல்கிறேன். நடுவில் பேசாதே.

முதலில் இடத்தைப் பார். அது தெரியாவிட்டால் ஒன்றும் விளங்காது. மேற்கே அந்த மலை. சுண்ணாம்புக்கல், மரம் கிடையாது. நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி தெரிகிறதா? அதுதான் கணவாய். காற்று, மழை, பட்டாளம், வரி கேட்பவன், எல்லாரும் அது வழியாகத்தான் வருவார்கள். மலைக்குக் கீழே சரிவில் நாங்கள். ஒந்தால்பா. எங்களுக்குக் கீழே ஆறு. ஆறு என்று பெயர், ஆடு தாண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பச்சையாகத் தெரிகிறதே, அது மொரால். அவர்களுக்கு நல்ல மண். எங்களுக்குக் கல். மேகம் கணவாயில் நுழைந்தால் நேரே எங்கள் கோவில் கோபுரத்துக்கு வரும். அங்கிருந்து ஒன்று எங்கள் மேல் கொட்ட வேண்டும், இல்லையென்றால் ஆற்றைத் தாண்டி மொரால் மேல் கொட்ட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பூகோளம் அவ்வளவுதான்.

சரித்திரம். ஒந்தால்பா என்றால் வெள்ளை ஊற்று. ஊற்று இப்போது குழாய். வெள்ளையாக இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே ஆண்டுகொண்டிருந்த மூர்களைத் துரத்திய காலத்தில் வடக்கிலிருந்து ஆடு ஓட்டி வந்தவர்கள் இங்கே நின்றுவிட்டார்கள். ஏன் இந்தக் கல்லில் நின்றார்கள்? கீழே மொராலில் ஏற்கெனவே ஆள் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் ஆகாது.

அப்புறம் மணி வார்த்தார்கள். பார்பரம்மாள் என்று பெயர் வைத்தார்கள். இடி மின்னலுக்கு அந்தப் புனிதைதானே காவல். சின்ன மணி ஒன்றும் உண்டு, அது பூசைக்கும் ஊர்க்கூட்டத்துக்கும். பார்பரம்மாளைத் தொடுவது இரண்டு காரியத்துக்குத்தான். யாராவது செத்தால். இல்லை, ஆலங்கட்டி மேகம் வந்தால். மேகத்துக்குத் தனி அடி. இரண்டு மெல்ல, ஒன்று ஓங்கி. அதைக் கேட்ட மேகம் இங்கே நிற்காது. ஆற்றைத் தாண்டிப் போய்விடும்.

ஆற்றைத் தாண்டினால் மொரால்.

அவர்கள் சும்மா இருப்பார்களா? மேற்றிராணியாரிடம், பிஷப்பிடம்தான், வழக்குப் போட்டார்கள். ஒந்தால்பாக்காரன் தன்னுடைய ஆலங்கட்டியை எங்கள் தலையில் தள்ளுகிறான் என்று. மேற்றிராணியார் நல்ல மனுஷன். நீங்களும் ஒரு மணி வாங்கித் திருப்பித் தள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். வாங்கினார்கள், எங்களுடையதைவிடப் பெரியதாக. கொஞ்ச காலம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மேகமெல்லாம் ஆற்றிலேயே கொட்டிக்கொண்டிருந்தது என்று என் மாமனார் சொல்வார். பிறகு பிரெஞ்சுப் பட்டாளம் வந்தது. பீரங்கி வார்க்க மணி கேட்டது. எங்கள் ஆட்கள் பார்பரம்மாளை வைக்கோலுக்குள் புதைத்துவிட்டு, மொராலில் இதைவிடப் பெரிய மணி இருக்கிறது என்று வழி காட்டிவிட்டார்கள். பலகையில் ‘மக்கள் தீரத்துடன் மணியைக் காத்தனர்’ என்று இருக்கும். அது சரிதான்.

மொராலில் அதற்குப் பிறகு வாங்கியது ஆட்டு மணி. அது மேகத்தின் காதில் விழாது.

உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கத்துப் பட்டாளமும் வந்தது. கோழி பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். களத்துமேட்டுச் சுவரோரம் யாரும் உட்கார மாட்டார்கள், நிழல் இருந்தாலும். நான் ஏன் என்று கேட்டதில்லை. நீயும் கேட்காதே. பிறகு எல்லாரும் பில்பாவோ, பார்சலோனா என்று பிழைக்கப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் இப்போது பிரிமிதீவோவின் டிராக்டர் கொட்டகை. பிரிமிதீவோதான் ஊர்த்தலைவன். மற்ற எல்லாரும் எனக்கு வேண்டாம் என்று முந்திக்கொண்டார்கள், அவன் வாயைத் திறக்க நேரமாகிவிட்டது. அப்படித் தலைவனானவன்.

சரித்திரம் முடிந்தது. இனி என் விஷயம்.

மணிக்கயிறு என் மாமனார் கையில் இருந்தது. அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. நான் கடலில் இருந்தவன், மேகம் பார்க்கத் தெரியும். எந்த மேகம் வெறும் மழை, எந்த மேகம் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்ததும் சொல்வேன். பச்சை கலந்த கறுப்பு. அது வந்தால் கல். சாகும்போது கயிற்றை என்னிடம் கொடுத்தார். அசுன்சியோனைக் கொடுத்தபோதுகூட அவர் அவ்வளவு யோசிக்கவில்லை. அன்றிலிருந்து ஒந்தால்பாவில் ஆலங்கட்டி விழுந்ததில்லை. எழுதி வைத்துக்கொள். ஒரு தடவைகூட இல்லை.

எனக்கு ஒரே மகள். லூர்து. அவள் மொராலில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் ஃபெர்மீன்.

மொராலில் பெண் எடுக்கலாம். கொடுப்பது வழக்கமில்லை. நான் சொன்னேன். அவள் அம்மாவும் சொன்னாள். “தூத்துக்குடிக்காரனை நீங்க கட்டலையா?” என்று லூர்து அவளைத் திருப்பிக் கேட்டாள். தூத்துக்குடி வேறு, மொரால் வேறு. தூத்துக்குடி எங்கள் மேல் வழக்கா போட்டது?

இங்கே ஒரு முறை உண்டு. வெளியூர்க்காரன் இந்த ஊர்ப் பெண்ணைத் தேடி வந்தால் ஊர் இளைஞர்களுக்கு ஒயின் வாங்கித்தர வேண்டும். தராவிட்டால் குதிரைத் தொட்டியில் தூக்கிப் போடுவார்கள். என்னையும் போட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியும், அதில் அவர்களுக்கு ஏமாற்றம். ஃபெர்மீன் வந்தபோது ஊரில் இளைஞர் என்று யாருமில்லை. நானும் பிரிமிதீவோவும்தான் மிச்சம். முறைப்படி நாங்கள்தான் இளைஞர்கள். தொட்டிப் பக்கத்தில் போய் நின்றோம். பிரிமிதீவோவுக்கு அப்போது இடுப்பு வலிக்குக் கட்டிய பெல்ட். ஃபெர்மீன் ஜாடியோடு வந்தான். மொரால் ஒயின். புளிப்பு. குடித்தோம். கல்யாணம் நடந்தது.

அசுன்சியோன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இல்லை. போய்விட்டாள். நான்தான் மணி அடித்தேன். அது கிடக்கட்டும்.

போன வருஷம் ஜூன் மாசம். அவனும் அவளும் ஆற்றங்கரையில் செர்ரி வைத்திருந்தார்கள். கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, முயல் கடிக்காமல் தகரம் சுற்றி வளர்த்த தோட்டம். முதல் முழு மகசூல். பறிக்க இன்னும் ஒரு வாரம். லூர்து மேலே ஏறி வந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இந்த வருஷம் மட்டும் மேகத்துக்கு மணி அடிக்காதீங்க.”

அப்பா என்ற ஒரு சொல்தான் அவளுக்குத் தமிழில் தெரியும். மிச்சமெல்லாம் ஸ்பானிஷ். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

“ஊர் மணி. என் மணி இல்லை,” என்றேன்.

“உங்க மக தோட்டம்.”

“உன் தோட்டம் மொராலில் இருக்கு. யார் அங்கே வைக்கச் சொன்னது?”

“மொராலில்தான் மண்ணு இருக்கு. இங்கே என்ன இருக்கு? கல்லும் பிரிமிதீவோவும்.”

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம். போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் வந்தது மேகம். கணவாய் முழுக்க அடைத்துக்கொண்டு. பச்சை கலந்த கறுப்பு. பிரிமிதீவோ ஊரைக் கூட்டிக்கொண்டு கோவில் முகப்பில் வந்து நின்றுவிட்டான். அவனுக்குக் கொஞ்சம் கோதுமை, மற்றவர்களுக்குக் கொஞ்சம் திராட்சை. “ஏறும்வே இக்னாசியோ, ஏறும்!” என்று கத்தினான். ஏறினேன். கயிற்றைப் பிடித்தேன்.

அடிக்கவில்லை.

ஏன் என்று கேட்காதே. அடிக்கவில்லை, அவ்வளவுதான். கோபுரத்திலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். ஆற்றங்கரையில் சிவப்பு தெரிந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் ஊர் மேல் விழட்டும் என்று நின்றேன். பிரிமிதீவோ கோதுமை போகட்டும், நிக்காசியாக் கிழவியின் திராட்சை போகட்டும் என்று நின்றேன். காற்று காதைப் பிய்த்தது. மேகம் கோபுரத்துக்கு வந்தது, தலைக்கு மேலே நின்றது. நாலு துளி போட்டது. அப்புறம் ஆற்றைத் தாண்டிப் போய் மொராலில் கொட்டியது. கோழிமுட்டை அளவு கல். மேலே நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு இல்லை. பச்சையும் இல்லை. ஆற்றங்கரை வெள்ளையாகக் கிடந்தது.

இறங்கி வந்தேன். பிரிமிதீவோ கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“என்ன அடி வே அது! எம் பல்லெல்லாம் ஆடிப்போச்சு!”

“நான் அடிக்கல.”

“எங்க ஐயா காலத்துலகூட இப்படி ஓர் அடி கேட்டதில்ல.”

“ஏய், நான் அடிக்கலங்கேன்.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். கண்ணடித்தான். “புரியுது. மக வருத்தப்படுவா. நீரு அடிக்கல. நாங்களும் கேட்கல,” என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் கேட்டதாகச் சொன்னார்கள். ஒருத்தனுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். இன்னொருத்தன் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம். காது கேட்காத நிக்காசியாவும் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் மொராலுக்கு இறங்கிப் போனேன். தோட்டத்தில் ஃபெர்மீன் நின்றான். காலடியில் செர்ரி, இலை, கொப்பு எல்லாம் சேர்ந்து சேறு. அவன் எனக்குக் காலை வணக்கம் சொன்னான். மொராலில் பிறந்தாலும் மரியாதை தெரிந்தவன். லூர்து வீட்டு வாசலில் நின்றாள்.

“நான் அடிக்கல,” என்றேன்.

“கேட்டேன்.”

“காத்து.”

“காத்துக்கும் உங்க கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? தொட்டில்ல கிடந்த நாள்லேருந்து கேக்கேன். ரெண்டு மெல்ல, ஒண்ணு ஓங்கி. இங்கே நின்னு கேட்டேன். இவரும் கேட்டாரு. மொரால் முழுக்கக் கேட்டுச்சு.”

“லூர்து, உன் அம்மா மேல சத்தியமா...”

“அடிச்சது போதும். அம்மாவை இழுக்காதீங்க. பொய்யும் வேண்டாம். நீங்க அடிச்சீங்கன்னு எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஊர்ச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அடிச்சீங்க, அது எனக்குப் புரியும். முகத்துக்கு நேரா பொய் சொல்றதுதான் புரியல.”

கதவைச் சாத்திவிட்டாள். அப்பா என்று கூப்பிடவில்லை, கவனித்தாயா? நான் கவனித்தேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒருத்தன் நம்ப மாட்டானா? திரும்பி வந்து நேரே பிரிமிதீவோவைப் பிடித்தேன். “ஏறு மேலே,” என்றேன். இடுப்பு என்றான். இழுத்துக்கொண்டு போனேன். பார்பரம்மாளுக்கு உள்ளே, நாக்குத் தொங்குகிற கொண்டியில், குருவி கூடு கட்டி முட்டை வைத்திருந்தது. மாசியில் ஒரு சாவுக்கு அடித்தது, அதற்குப் பிறகு மணியை யாரும் தொடவில்லை. அந்த இடைவெளியில் கட்டியிருக்கிறது. முதல் நாள் கயிற்றைப் பிடித்து நின்றபோதே பார்த்தேன்.

“பாரு. அடிச்சிருந்தா இது இருக்குமா? நாக்கு ஒரு தடவை ஆடினா போதும், முட்டை தரையில கிடக்கும். இப்பவாவது நம்புதியா?” என்றேன்.

பிரிமிதீவோ கூட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். கண்ணில் தண்ணீர். அப்படியே முழங்காலில் விழுந்தான், அந்த இடுப்போடு.

“இக்னாசியோ, அம்புட்டு அடி அடிச்சும் கூடு விழலையே!” என்றான்.

போயிற்று. அன்று சாயங்காலமே ஊர் முழுக்க ஏறிப் பார்த்தது. மாசம் ஒரு தடவை பூசை வைக்க வருகிற சாமியார் அந்த வாரம் இரண்டு தடவை வந்தார். மொராலிலிருந்துகூட ஏறி வந்து பார்த்தார்கள், எங்கள் ஆலங்கட்டியில் நனைந்தவர்கள். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். லூர்து வரவில்லை. குஞ்சு பொரித்துப் பறந்தும் போய்விட்டது, கூட்டத்தைத் தாங்காமல். பிறகு சுற்றுலாத் துறைக்காரர்கள் பலகை வைக்க வந்தார்கள். நான் போய், ஐயா, மணியே அடிக்கவில்லை என்றேன். அவர்களோடு வந்த ஒரு பெண் எழுதிக்கொண்டாள். ‘மணியடித்தவர் மிகுந்த தன்னடக்கம் உள்ளவர்’ என்று போட்டிருக்கிறாள், பார், அங்கே, கீழ் வரியில்.

என்ன? என்ன கேட்டாய்? அப்படியென்றால் மணிக்கும் மேகத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றா?

நடுவில் பேசாதே என்று சொன்னேனே. சம்பந்தம் இல்லாமல் இத்தனை காலம் எங்கள் கோதுமை எப்படி நின்றது? மேற்றிராணியார் முட்டாளா? அன்று அடிக்காமலே போனது வேறு விஷயம். பழக்கத்தில் போயிருக்கும். தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் அனுப்பிய மேகம், ஒருநாள் சொல்லாவிட்டால் வழி மறந்துவிடுமா? ஈரோட்டில் என்னதான் படித்தீர்களோ.

வருஷம் முழுக்க அவள் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு வரவில்லை. அம்மாவின் நினைவுப் பூசைக்கு வந்தாள், பின்வரிசையில் உட்கார்ந்து, நான் திரும்புவதற்குள் போய்விட்டாள். நான் ஃபெர்மீன் மூலம் சொல்லி அனுப்பினேன், அடிக்கவில்லை என்று. அவன் போய்ச் சொல்லியிருக்கிறான். “இன்னும் அதையேதான் சொல்றாரா?” என்றாளாம். நானும் விடவில்லை. உண்மை உண்மைதானே. வெங்காயச் சந்தையில் பார்த்தபோதும் தூரத்திலிருந்து கத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெங்காயக்காரன் என்னிடம், “அந்தக் குருவிக்கூட்டு மணிக்காரர் நீங்கதானா?” என்று கேட்டான்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்க இல்லை. அம்மாவின் தையல் மிஷினை எடுத்துப்போக. வேனை வாசலில் நிறுத்தினாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள், போஸ்ட்மேனைக் கேட்கிற மாதிரி. மிஷின் கனம், இரும்புக்கால். அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். நடைவாசல் வரை வந்ததும் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. மெலிந்திருந்தாள். அம்மா ஜாடை கூடியிருந்தது.

“ஒரே ஒரு தடவை கேக்கேன்,” என்றாள். “இதைத் தூக்கி வண்டியில வச்சுட்டேன்னா எனக்கு இந்த வீட்டுல வேற ஒண்ணும் இல்ல, வர வேண்டியதும் இல்ல. அன்னைக்கு அடிச்சீங்களா, இல்லையா?”

இல்லை என்றுதான் வாய் போனது. அதுதானே நடந்தது. அந்த ஊரிலும் இந்த ஊரிலும் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். நானும் விட்டுவிட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

அவள் கை மிஷின் மேல் இருந்தது. குனிந்து தூக்கப்போனாள்.

“அடிச்சேன்,” என்றேன்.

நிமிர்ந்தாள்.

“எப்படி அடிச்சீங்க?”

“ரெண்டு மெல்ல. ஒண்ணு ஓங்கி.”

“எவ்வளவு நேரம்?”

“மேகம் போற வரைக்கும். கை விட்டுப்போச்சு. தோள் இன்னும் சரியாகல.”

நடைவாசலிலேயே மிஷின் மேல் தலையை வைத்து அழுதாள். நான் நின்றேன். எனக்கு அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷமா அப்பா?” என்றாள்.

அப்பா என்றாள்.

மிஷினைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அடுப்பை மூட்டினாள். அலமாரியில் தேடி அவள் அம்மா வைத்திருந்த தைலத்தை எடுத்து வந்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அதட்டினாள். கழற்றினேன். இரண்டு தோளிலும் ஊற்றித் தேய்த்தாள். அவளுக்கு விறகு தூக்கிய கை, நல்ல அழுத்தம்.

“இங்கேயா வலிக்குது?” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் கீழே,” என்றேன்.